சோறு விற்றவர் என்று நீங்கள் சொன்ன என் அம்மா

அம்மா மறைந்து இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் ஒன்று போடுவது என்று முடிவானதும் தாய்மாமா என்னைத் தேடிப் பசுமலைக்கு வந்தார். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றபடியே பேசினார். "செத்தவுகளைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிப்புட்டு விடும்மா. பழசையெல்லாம் கிளற வேணாம்" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் அது நடக்காத காரியம் என்று தெரிந்தது. அம்மாவின் பொறுமையை எழுதினால், அவர் எதைப் பொறுத்துக்கொண்டார் என்று எழுத வேண்டும். அவருடைய துணிச்சலை எழுதினால், யார் முன்னால் துணிந்து நின்றார் என்று எழுத வேண்டும். அந்த ஆட்களில் பெரும்பாலோர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். ஆகவே மாமாவிடம் சொன்ன சொல்லை நான் காப்பாற்றப் போவதில்லை. படிக்கப் பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்திலேயே மூடி வைத்துவிடலாம்.

அம்மா நாகமலைக்கு மேற்கே, மழையை நம்பிக் கடலையும் சோளமும் விதைக்கும் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருக்கு உடன்பிறந்தவர் மாமா ஒருவர்தான். பள்ளிக்கூடத்து வாசலை அம்மா மிதித்ததில்லை. ஆடு மேய்த்தார், கடலை பிடுங்கினார், பதினைந்து வயதில் ஆனையூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாகம் பிரியாத சொத்து. கண்மாய்க்குக் கீழே நல்ல நஞ்சை. அந்தப் பெரிய வீட்டில் அம்மா ஆறு வருஷம் மருமகளாக இருந்தார். அந்த ஆறு வருஷத்தில் அவர் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

எனக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது ஊரில் வாந்திபேதி வந்தது. அப்பா ஒரே பகலில் போய்விட்டார். அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்த் திரும்பிய பெரியப்பா வாசலை அடைத்துக்கொண்டு, கிணற்றடியில் தலை முழுகிவிட்டு என்னோடு வந்து நின்ற அம்மா உள்ளே வரக் கூடாது என்றார். அவருக்கும் சின்னக் குழந்தைகள் இருந்தார்கள், பயந்துவிட்டார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் அந்த வாசல் திறக்கவில்லை. களத்தில் கிடந்த வைக்கோல் போருக்கு அடியில் அம்மா என்னை வைத்துக்கொண்டு பதினோரு நாள் இருந்தார். ஊர் முழுக்க உறவுக்காரர்கள். கஞ்சி வந்தது, எட்ட வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே வந்து படு என்று ஒரு வீட்டிலிருந்தும் குரல் வரவில்லை. மாமா செய்தி கேட்டு நடந்தே வந்தார். பார்த்தார், அழுதார், திரும்பிப் போனார். அக்காவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

பிறகு பெரியவர்கள் கூடினார்கள். ஆண் பிள்ளை இல்லாத விதவைக்குப் பாகம் கிடையாது, ஜீவனாம்சம்தான் என்று முடிவு செய்தார்கள். ஊருக்கு வடக்கே வண்டிப்பாதை ஓரமாக இருந்த இரண்டரை ஏக்கர் செம்மண் மேட்டை அம்மாவுக்கு ஒதுக்கினார்கள். கண்மாய்த் தண்ணீர் ஏறாத மேடு அது. இடிந்த கிணறு ஒன்று, புளியமரம் நான்கு, மீதியெல்லாம் கோரையும் சரளையும். உயிர் இருக்கும் வரை அனுபவிக்கலாம், விற்கக் கூடாது, யாருக்கும் எழுதி வைக்கவும் கூடாது, அம்மாவின் காலத்துக்குப் பிறகு பெரியப்பாவின் வாரிசுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று எழுதி அம்மாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாத மண் என்பதால்தான் அவ்வளவு சுலபமாகக் கொடுத்தார்கள்.

அம்மாவோடு அந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தவர் கருப்பாயி அக்கா ஒருவர்தான். கூலிக்குக் களை எடுக்க வந்தவர், பிறகு போகவே இல்லை. இரண்டு பேருமாகக் கிணற்றுக்குள் இறங்கிச் சேற்றை அள்ளிக் கொட்டினார்கள். ஊற்று நல்ல தண்ணீராக இருந்தது. முதலில் கீரை போட்டார்கள், பிறகு கத்தரி, வெண்டை, பூசணி. ஒரு பசு வாங்கினார்கள். விடியுமுன்னே பாலையும் கீரையையும் தலையில் வைத்துக்கொண்டு மதுரைக்கு நடப்பார்கள். கீழவாசல் பக்கம் பட்டு நூலுக்குச் சாயம் போடும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் அம்மாவுக்கு வாடிக்கை.

அப்படி ஒரு வீட்டில்தான் சின்னம்மாவைப் பார்த்தோம். ரத்த உறவு கிடையாது, ஆனால் நான் சின்னம்மா என்று கூப்பிடுகிறவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். அப்போது அவருக்கு இரண்டாவது குழந்தையும் தங்காமல் போயிருந்தது. உடம்பு தேறவில்லை. சாயக் கொப்பரையின் புகையும் ஈரமும் நெருக்கமான வீடுமாக இருந்ததில் இருமல் வேறு பிடித்துக்கொண்டது. ஊருக்கு வெளியே காற்றோட்டமாக ஒரு மண்டலம் இருந்தால் பிழைப்பார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவர்களுக்குக் கிராமத்தில் சொந்தம் யாரும் இல்லை. பால் ஊற்றப் போன இடத்தில் இதைக் கேட்ட அம்மா, எங்கள் மேட்டில் காற்றுக்குக் குறைவில்லை, வந்து இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மாட்டுக் கொட்டகையை ஒட்டியிருந்த அறையை மெழுகி, புது அடுப்புப் போட்டுக் கொடுத்தார். அவர்கள் சமையல் வேறு, ஆசாரம் வேறு. அதனால் அவர்கள் அடுப்பை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். காய், பால், விறகு, குளிக்க இறைத்த தண்ணீர் எல்லாம் அம்மாவின் பொறுப்பு. சின்னம்மா முதல் வாரம் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாவது வாரம் பாத்தியில் உட்கார்ந்து கீரை கிள்ளினார். மண்டலம் முடிந்து போகும்போது அவருடைய வீட்டுக்காரர் ஒரு தொகையை வெற்றிலையில் வைத்து நீட்டினார். கருப்பாயி அக்கா வாங்க வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அம்மா வாங்கிக்கொண்டார்.

பிறகு அதற்குக் காரணம் சொன்னார். "வாங்கலேன்னா அவுக கூச்சப்பட்டுக்கிட்டு மறுபடி வர மாட்டாக. வாங்கிக்கிட்டா, வேணும்ங்கிறப்ப உரிமையா வருவாக." அம்மா நடத்திய தொழிலின் வேர் இந்த வார்த்தைதான். இதில் என்ன இழிவு இருந்தது என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை.

சின்னம்மா தெருவில் சொன்னார். அடுத்த கோடையில் மூன்று குடும்பங்கள் வந்தன. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் வந்தார்கள், பிரசவத்துக்குப் பிறகு இளைத்த பெண்கள் வந்தார்கள். கோர்ட்டில் வாய்தா இருக்கும் கிராமத்துக்காரர்கள் முதல் நாளே வந்து தங்கினார்கள். சித்திரையில் அழகரைப் பார்க்கத் தல்லாகுளம் போகும் வண்டிகள் மேற்கேயிருந்து வரிசையாக வந்து புளிய மரத்தடியில் அவிழ்த்துப் போட்டன. அம்மா மண்சுவர் வைத்து, ஓலை வேய்ந்து, ஒவ்வோர் அறையாகக் கட்டினார். கடைசியில் ஏழு அறைகள் இருந்தன. சமைத்துக்கொள்கிறவர்களுக்கு அடுப்பு, எங்கள் கையால் சாப்பிடுகிறவர்களுக்கு இலை. குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு இடமில்லை.

அந்தச் சின்ன இடம் எப்படி லாபம் கொடுத்தது என்று நீங்கள் எல்லாரும் வாய் பிளந்து பேசியிருக்கிறீர்கள். மாயமில்லை, மந்திரமில்லை. காயைச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தரகருக்குப் பாதியைக் கொடுப்பதை அம்மா நிறுத்தினார். விளைந்தது எல்லாம் வந்தவர்களின் அடுப்புக்கே போயிற்று. போகும்போது ஆளுக்கு ஒரு பூசணியும் ஒரு கலயம் நெய்யும் விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். வண்டி மாடுகளுக்கு வைக்கோலும் தண்ணீரும் கொடுத்தார். திருவிழா முடிந்து வண்டிகள் போன பிறகு அந்த மாடுகள் போட்ட சாணம் மலைபோலக் கிடக்கும். அம்மாவும் கருப்பாயி அக்காவும் அதைக் கூடை கூடையாக அள்ளி மேடு முழுவதும் பரப்பினார்கள். ஐந்து வருஷத்தில் சரளை மண் கறுத்தது. எட்டாவது வருஷம் அந்த மேட்டில் வாழை நின்றது. கண்மாய் வற்றிய கோடையிலும் அம்மாவின் பாத்தி பச்சையாக இருந்தது. பெரியப்பாவின் கண்ணில் பட்டது அந்தப் பச்சைதான்.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது பிள்ளையார் கோயில் முன்னால் ஊர் கூடியது. பிராது கொடுத்தவர் பெரியப்பா. தம் குடும்பத்து மருமகள் சோறு விற்கிறாள், ஊர் பேர் தெரியாத ஆண்பிள்ளைகள் அவள் வீட்டில் படுத்து எழுந்து போகிறார்கள், குடும்பத்துக்கு இது அவமானம், மேட்டைத் திருப்பி வாங்க வேண்டும் என்றார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமாவும் இருந்தார். சின்னம்மாவும் அவருடைய வீட்டுக்காரரும் செய்தி கேட்டு மாட்டுவண்டி பிடித்து வந்து, தாங்கள் அங்கே தங்கி உயிர் பிழைத்தவர்கள், அந்த அம்மாவைப் பற்றித் தங்களைக் கேட்கலாம் என்றார்கள். வெளி ஆட்கள் ஊர் விவகாரத்தில் பேசக் கூடாது என்று அவர்களை உட்காரவும் விடவில்லை. சொந்த அக்காவைப் பற்றி மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டில் யார் யார் படுக்கிறார்கள் என்று கேட்டார்கள். நான் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா குரலை உயர்த்தவில்லை.

"எம் வீட்டுல யாரு படுக்குறாகன்னு இம்புட்டுப் பேரு கூடிக் கேக்குறீக. எம் புருசன் செத்தப்ப நான் கைப்புள்ளையோட வைக்கப் போருல பதினோரு நாளு கெடந்தேன். அன்னிக்கு, நீ எங்க படுத்தன்னு ஒருத்தரும் கேக்கலை. அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க. பெறகு நான் சொல்லுறேன்."

பெரியவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். எழுதிக் கொடுத்த மேட்டைத் திரும்பப் பிடுங்க வழியில்லை என்பதால் வேறு முடிவு செய்தார்கள். வந்தவர்களைத் தங்க வைப்பதை விட்டுவிட வேண்டும், விடாவிட்டால் நல்லது கெட்டதுக்கு அந்த வீட்டோடு யாரும் கலக்கக் கூடாது. அம்மா விடவில்லை. நீங்கள் கலக்கவில்லை. வண்ணார் வருவது நின்றது. கல்யாணத்துக்குப் பாக்கு வைப்பது நின்றது. மாமா வீட்டில் எனக்கு மாப்பிள்ளையாக வேண்டியவருக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அந்தக் கல்யாணச் செய்தியைக்கூட வாய்தாவுக்கு வந்த ஒரு ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். எனக்கு அதில் வருத்தமில்லை. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

உங்கள் மேல் உள்ள கோபத்தை எழுதும்போது என் மேல் உள்ள கோபத்தையும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் எழுதுவது நியாயமாகாது.

தங்க வந்த ஒரு டாக்டர் அம்மாள் சொல்லி, அம்மா என்னைப் பசுமலையில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே என்னோடு படித்த பெண்களிடம் அம்மா விவசாயம் பார்க்கிறார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். பிள்ளையார் கோயில் முன்னால் கேட்ட வார்த்தை என் காதைவிட்டுப் போகவில்லை. ஒரு கோடை விடுமுறையில், என் வகுப்புத் தோழி ஒருத்தி, நோயிலிருந்து தேறிய தன் தகப்பனாரோடும் தாயாரோடும் எங்கள் மேட்டிலேயே வந்து இறங்கினாள். நான் பூசணியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். நீ எப்படி இங்கே என்று அவள் ஆச்சரியமாகக் கேட்டாள். "நாங்களும் தங்கத்தான் வந்திருக்கோம்" என்றேன். கிணற்றடியில் இருந்த அம்மாவின் காதில் அது விழுந்தது.

அன்று மதியம் வந்தவர்களின் வரிசையில் எனக்கும் ஒரு இலை போட்டிருந்தது. அம்மா பரிமாறிக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். "வாங்க பாப்பா, உக்காருங்க. ரசம் ஊத்தவா?" என்றார். அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் இருந்த ஏழு நாளும் அப்படியே கூப்பிட்டார். வாங்க, போங்க, வேற என்ன வேணும். எனக்குத் தனி அறை, தனிப் பாய். நான் சாப்பிட்ட இலையையும் அவரே எடுத்தார். ஏழு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் வண்டி ஏறிய பிறகு அம்மாவின் காலில் விழுந்து அழுதேன். என்னைத் தூக்கி நிறுத்தினார். "நீயாச் சொல்லலை. ஊரு சொன்னது ஒன் வாயில வந்துருச்சு. ஆனா அந்தப் புள்ளைக்கு நெசத்தை எழுதிக் காயிதம் போடு. இன்னிக்கே போடு" என்றார். போட்டேன். தோழி பதில் எழுதவில்லை, மறு வருஷம் நேரே வந்தாள். வந்தவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவளால் அன்று முடிந்தது. பெற்ற மகளான என்னால் முடியாமல் போன அந்த ஏழு நாளை நான் சாகும் வரை மறக்கப் போவதில்லை.

யுத்தம் வந்தது. சென்னைப் பட்டணத்தில் குண்டு விழப் போகிறது என்று பயந்து குடும்பங்கள் தெற்கே வந்தபோது எங்கள் ஏழு அறைகளும் நிரம்பின. அரிசி கிடைக்கவில்லை. அம்மா சோளத்தையும் கம்பையும் விதைத்து, பட்டணத்துக்காரர்களைக் களியும் கூழும் சாப்பிடப் பழக்கினார். தங்கும் கூலியை ஏற்றலாம் என்று நானே சொன்னேன். அம்மா கேட்கவில்லை. அந்தப் பஞ்ச காலத்தில் ஒருநாள் பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு ஆள், முன்வாசல் வழியாக வராமல் கொல்லைப்பக்கமாக வந்து, சோளம் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். கருப்பாயி அக்கா கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு நின்றார். அம்மா ஒரு மூட்டையை எடுத்துக் கட்டச் சொன்னார்.

"விக்கிற வீடுன்னுதான சொன்னாக. அவுகளுக்கு விக்க வேணாம். சும்மா கொண்டு போகச் சொல்லு" என்றார்.

அந்தச் சோளத்தைச் சாப்பிட்டவர்களில் இன்று இதைப் படிப்பவர்கள் உண்டு.

போன வருஷம் ஆடிக் கடைசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் அதோடே வேலை செய்தார். நான் லீவு போட்டுவிட்டு வந்தபோது பேச்சு குறைந்திருந்தது. கோடி அறையில் நோயிலிருந்து எழுந்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு வெந்நீர் வைத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசி நாள் என் கையைப் பிடித்து, "யாரு கிட்டயும் சண்டை போடாத. ஆனா யாருக்கும் பயப்படவும் செய்யாத" என்றார். முதல் பாதியை நான் கேட்கவில்லை என்பது இந்தக் கட்டுரையைப் படித்தாலே தெரியும்.

பதிமூன்று வருஷம் வாசல் மிதிக்காத நீங்கள் அத்தனை பேரும் அன்று வந்தீர்கள். கூட்டம் தாங்கவில்லை. நான் கொள்ளி வைக்கிறேன் என்றேன். பெண்பிள்ளை வைக்கும் வழக்கம் நம்மில் இல்லை என்று பெரியப்பா சொன்னார். பெரியப்பாவின் மகன், என் அண்ணன், தயாராக மொட்டை போட்டுக்கொண்டு நின்றார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தபோது அறைகளில் பூட்டுத் தொங்கியது. பத்திரத்தில் எழுதியபடி மேடு அண்ணனுக்கு வந்துவிட்டது. அதில் சட்டப்படி தப்பில்லை. ஆனால் கோடி அறையில் இருந்த பெரியவருக்கு இன்னும் உடம்பு தேறவில்லை. உச்சிப் பொழுதுக்குள் காலி செய்யச் சொல்லி அவர்களுடைய பெட்டியை வண்டிப்பாதையில் வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கணவரின் தலைக்கு முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா பொறுப்பெடுத்துத் தங்க வைத்தவர்களை வெயிலில் நிறுத்தினீர்கள். நிலத்தை எடுத்துக்கொண்டதை மன்னித்தாலும் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன்.

அதன் பிறகு அண்ணனே அங்கே தங்கல் நடத்தத் தொடங்கினார். குடும்பத்துக்கு அவமானம் என்று ஊரைக் கூட்டிய அதே குடும்பம்தான். சித்திரையில் வண்டிகள் வந்தன. அம்மா எங்கே என்று கேட்டார்கள், தண்ணீர் குடித்தார்கள், மாட்டை அவிழ்க்காமல் போய்விட்டார்கள். வைகாசியில் அண்ணன் என்னைத் தேடி வந்தார். "தங்கச்சி, நீ லீவு நாள்ல வந்து பாத்துக்கிட்டாப் போதும். கருப்பாயியையும் கூட்டியா. ஒனக்குப் பங்கு தாரேன்" என்றார்.

"அண்ணே, பிள்ளையார் கோயில் முன்னால ஒங்க ஐயா சொன்ன வார்த்தையை, அதே எடத்துல நின்னு தப்புன்னு சொல்லச் சொல்லுங்க. நான் மறுநாளே வாரேன்" என்றேன்.

"அவருக்கு வயசாயிருச்சும்மா" என்றார் அண்ணன்.

"எங்கம்மா வயசாகுறதுக்கு முன்னாடியே போயிட்டாக அண்ணே. சாகுற வரைக்கும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாக."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டார். போகும்போது, இந்த மலரின் முதல் பக்கத்தில் அன்பு மகன் என்று தம் பெயரைப் போட வேண்டும், கொள்ளி வைத்தவன் நான்தானே என்றார். அம்மாவுக்கு மகன் இல்லை. ஒரு மகள்தான். அந்த மகளின் பணத்தில் இந்த மலர் அச்சாகியிருக்கிறது.

வண்டியூரில் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே ஒரு சிறு தென்னந்தோப்பைச் சின்னம்மாவின் வீட்டுக்காரர் குத்தகைக்குப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். மூன்று அறைகள் போட்டிருக்கிறோம். வாரத்தில் ஐந்து நாள் கருப்பாயி அக்கா பார்த்துக்கொள்கிறார், இரண்டு நாள் நான். ஆனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மேட்டில் இருந்த அளவு மண் நன்றாக இல்லை, சாணம் போட வேண்டும். உறவினர்களும் வரலாம். எல்லாரிடமும் வாங்குவதையே உங்களிடமும் வாங்குவோம், எல்லாருக்கும் கொடுப்பதையே கொடுப்போம்.

இனி நன்றி சொல்ல வேண்டிய இடம்.

பதினோரு நாள் கஞ்சி கொண்டுவந்து எட்ட வைத்தவர்களுக்கு, அந்தக் கஞ்சிக்கு மட்டும் நன்றி. ஊர் கூட்டத்துக்கு வண்டி கட்டி வந்து, உட்காரவும் இடம் கொடுக்கப்படாமல் நின்ற சின்னம்மாவுக்கும் அவருடைய வீட்டுக்காரருக்கும் என் நன்றி. பால் தெளித்த அன்று, வெயிலில் நின்ற பெரியவரையும் அந்த அம்மாளையும் தம் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனவர்களும் அவர்கள்தான். சேறு அள்ளிய நாளிலிருந்து கடைசி மூச்சு வரை அம்மாவைவிட்டு நகராத கருப்பாயி அக்காவுக்கு நன்றி என்று எழுதினால் அவர் திட்டுவார், இருந்தாலும் எழுதுகிறேன். இந்தப் பக்கங்களின் அச்சுப் பிழைகளைத் திருத்திக் கொடுத்த, அன்று அம்மாவைக் கட்டிக்கொண்ட அந்தப் பள்ளித் தோழிக்கு நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பூட்டுப் போட்டதற்கு மறுநாள், மேற்குச் சீமையிலிருந்து மில்லுக்குப் பஞ்சு ஏற்றிவரும் வண்டிக்காரர் ஒருவர் வழக்கம்போல மேட்டில் தங்க வந்து சேர்ந்தார். நானும் கருப்பாயி அக்காவும் எங்கள் துணிமணிகளை எடுத்துக்கொள்ள அங்கே நின்றோம். செய்தியைச் சொன்னேன். அவர் மாட்டை அவிழ்க்கவில்லை. எங்கே எரித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். காட்டினேன். பஞ்சு வண்டியைப் பாதையிலேயே நிறுத்திவிட்டு, அந்த வெயிலில் என் பின்னால் சுடுகாடு வரை நடந்து வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சாம்பல் அள்ளிய இடத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு வண்டியேறிப் போய்விட்டார்.

அவருடைய ஊர் எது, பெயர் என்ன என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. இந்த மலரைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால், ஆனையூர் அம்மாவின் மகள் கும்பிட்டதாகச் சொல்லுங்கள்.